ஆயிரம் அடி உயரத்தில் ஓர் எல்லைத் தகராறு

இருநூறு மணி நேரம் பறந்து முடித்து, லைசென்ஸைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு அலமாரியில் பூட்டிவிட்டு, வீட்டில் சும்மா இருக்கிற பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கனவே வேலையில் இருப்பவர்கள் படித்தாலும் தவறில்லை. கொஞ்சம் அடக்கம் வரும்.

நான் யார் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பத்தாம் வகுப்பில் மூன்று தடவை தோற்றவன். நாலாவது தடவை எழுத என் அப்பாவே விடவில்லை. பாறசாலையில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் ஸ்பானர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு வளைகுடாவுக்குப் போய், வந்து நிற்கும் விமானங்களில் ஏறி சீட்டு துடைத்து, கக்கூஸ் கழுவி ஒன்பது வருஷம் கழித்தேன். அங்கே இருந்துகொண்டே பத்தும் பாஸாகி, இயற்பியலும் கணக்கும் எடுத்து பிளஸ் டூவும் பாஸானேன். சொல்லிக் கொடுத்தது என் மனைவி லில்லி. அவள் பள்ளிக்கூட டீச்சர். லீவில் ஊருக்கு வரும்போதெல்லாம் அவளிடம் அடி வாங்காத குறைதான். முப்பத்தைந்து வயதில் வணிக விமானி லைசென்ஸ் எடுத்தேன். கழுவிய விமானத்தை ஓட்டியும் காட்டிய ஆள் இந்த வட்டாரத்தில் நான் ஒருவன்தான். இன்னொருவர் உண்டு என்றால் அவரை நேரில் கூட்டிக்கொண்டு வாருங்கள்.

ஓய்வு பெறும்போது என் கணக்கில் பதினோராயிரம் மணி நேரத்துக்கு மேல் இருந்தது. ஆனால் நான் சொல்லப்போவது அதில் ஒன்றரை மணி நேரம் மட்டும். அந்த ஒன்றரை மணி நேரம் இல்லையென்றால் மீதி எதுவும் இல்லை.

லைசென்ஸ் எடுத்து ஊருக்கு வந்த பிறகு இரண்டு வருஷம் வேலை இல்லை. நான் எழுதாத கம்பெனி கிடையாது. எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்: ஐநூறு மணி நேரம் பறந்துவிட்டு வா. பறக்க விட்டால்தானே ஐநூறு ஆகும் என்று கேட்டால் போனை வைத்துவிடுவார்கள். இன்றைக்கும் உங்களுக்கு இதே பதிலைத்தான் சொல்கிறார்கள் என்று கேள்விப்படுகிறேன். மெயிலில் சொல்கிறார்கள், அவ்வளவுதான் வித்தியாசம்.

அந்த இரண்டு வருஷமும் ஞாயிற்றுக்கிழமைதோறும் எங்கள் சபையில் எனக்காக ஜெபம் நடந்தது. நோயாளிகளுக்கு அடுத்து, மழைக்கு முன்பு என் முறை வரும். மழைகூட இடையில் பெய்து தீர்ந்தது. முக்கில் டீக்கடைப் பக்கம் போனால் ஒருவன் கேட்பான்:

"எலே பைலட்டே, பிளேனை எங்க நிறுத்தியிட்டு வாற?"

இன்னொருவன் அவனைத் திருத்துவான். "அவன் இப்போ மேலயாக்கும் இருக்கான். நமக்குத் தெரியுதது நிழலு."

சிரித்துக்கொண்டே டீ குடித்தேன். வேறு என்ன செய்ய?

இப்படி இருக்கும்போது லில்லியின் அண்ணன், எங்கள் பேச்சில் சொன்னால் என் அளியன், வளைகுடாவிலிருந்து விசா அனுப்பினான். பழைய வேலைதான். துடைப்பம், வாளி. மூன்று வருஷ ஒப்பந்தம். சனிக்கிழமை விமானம் ஏற வேண்டும், ஏறாவிட்டால் விசா போய்விடும். ஏறினால் லைசென்ஸ் போய்விடும். மூன்று வருஷம் பறக்காமல் இருந்தவனை, அதுவும் நாற்பதை எட்டிய பிறகு, எவன் கூப்பிடுவான்? அந்த வாரம் வியாழக்கிழமைக்கு ஒரு தேர்வு அழைப்பு வந்தது. திருவனந்தபுரத்தில் ஒரு சின்ன வாடகை விமானக் கம்பெனி. ஆறு பேர் உட்காரும் இரட்டை எஞ்சின் விமானம் ஒன்றே ஒன்று. துணை விமானி வேண்டும், ஒரே ஆள்.

போனேன். என்னோடு சேர்த்துப் பத்துப் பேர். மீதி ஒன்பது பேரும் பம்பாயிலும் டெல்லியிலும் படித்த பையன்கள். என்னைவிடப் பத்துப் பதினைந்து வயது குறைவு. ஆங்கிலம் பேசினால் ஏசி போட்டது மாதிரி இருக்கும். என் சட்டையை லில்லி இஸ்திரி போட்டிருந்தாள். அது ஒன்றுதான் என் பக்கம் பலம்.

தலைமை விமானியின் பெயரைச் சொல்லமாட்டேன். எல்லாரும் கேப்டன் சார் என்றுதான் கூப்பிடுவார்கள். பெரிய மீசை, சின்னக் குரல். என் லாக் புக்கைத் திறந்து கடைசிப் பக்கத்தைப் பார்த்தார்.

"மொத்தம் எத்தன மணிக்கூறு?"

அவர் பேச்சைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. நம் பக்கத்து ஆள்.

"இருநூத்தி நாலு சார்."

"எனக்க வீட்டு ஃபேனு இதைவிட ஓடியிருக்கும்."

இந்த இடத்தில்தான் நான் ஒரு தவறு செய்தேன். இந்தத் தவறை பம்பாய்க்காரன் செய்யமாட்டான், டெல்லிக்காரன் செய்யமாட்டான். நம் ஊர்க்காரன் மட்டும்தான் செய்வான். நமக்கு ஒரு வழக்கம் உண்டே: முன்பின் தெரியாத இரண்டு பேர் சந்தித்தால், எந்த ஊர், எந்த வீடு, எந்தச் சபை, யாரைக் கட்டியிருக்கிறது என்று கேட்டுக் கேட்டு ஒரு உறவைக் கண்டுபிடிக்காமல் மேற்கொண்டு பேசமாட்டோம். பாறசாலையில் பஸ் ஏறி அமரவிளை தாண்டுவதற்குள் பக்கத்து சீட்டுக்காரன் மாமன் முறை ஆகிவிடுவான். தேர்வு அறையில் நான் அதைத்தான் ஆரம்பித்தேன். இங்கிலீஷில் முடியாததை இதில் முடித்துவிடலாம் என்று கணக்கு.

"சாருக்கு ஊரு எங்கோட்டு?"

அவர் கேள்வி கேட்கிற ஆள், பதில் சொல்கிற ஆள் இல்லை. ஆனால் அவரும் நம் ஊர்க்காரர்தானே, நாக்கு நிற்குமா?

"காஞ்சிரங்குளம்."

"பெண்ணு கெட்டுனது?"

"கோட்டுகால்."

"கோட்டுகாலா? எனக்க அம்மைக்க வீடு கோட்டுகாலாக்கும் சார். நமக்கு அங்க பத்து சென்ட் உண்டு."

"கோட்டுகாலில எங்க?"

"பள்ளிக்கூடத்துக்கு வடக்க, ஓடைக்கு இந்தப் பக்கம். பெரிய பிலாவு ஒண்ணு நிக்கும்."

கேப்டன் சார் என் லாக் புக்கை மூடினார்.

"அந்தப் பிலாவுக்குக் கேஸ் குடுத்த கூட்டமா நீங்க?"

பிள்ளைகளே, அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம்.

"கேஸ் குடுத்தது நாங்க இல்ல சார். சாருக்க மாமனாராக்கும். நாங்க பதிலுக்குக் குடுத்தோம், அம்புட்டுதான்."

அந்தப் பலாமரத்துக்காக நெய்யாற்றின்கரை கோர்ட்டில் பதினாலு வருஷமாக வழக்கு நடந்துகொண்டிருந்தது. மரம் எல்லையில் நிற்கிறது. எங்கள் பக்கம் என்று நாங்கள், அவர்கள் பக்கம் என்று அவர்கள். பழுக்கும் காலத்தில் இரண்டு வீட்டிலும் ஆட்கள் வேலைக்குப் போகமாட்டார்கள். இந்தக் கதையை இவ்வளவு பெரிய மீசைக்கு முன்னால் நானாகவே கொண்டுபோய் வைத்தேன். உறவு தேடப் போய் எதிரியைக் கண்டுபிடித்த முதல் ஆளும் நான்தான்.

அதனால் என் முதல் அறிவுரை: தேர்வுக்குப் போனால், கேட்டதற்குப் பதில் சொல்லுங்கள். கேட்காததைச் சொல்லாதீர்கள். நான் பின்னாளில் எழுபது எண்பது பேரைத் தேர்வு செய்திருக்கிறேன், பாதிப்பேர் விழுந்தது தெரியாத கேள்வியில் இல்லை, கேட்காத பதிலில்.

"செரி. வெளியே இரி. பறக்குத டெஸ்ட் எல்லாருக்கும் உண்டு. உனக்குக் கடைசியா" என்றார்.

மதியத்துக்குப் பிறகு என் முறை வந்தது. அவர் இடது இருக்கை, நான் வலது. ஏறும்போது சீட்டையும் தரையையும் பார்த்தேன். சுத்தமாகத் துடைக்கவில்லை. பழைய புத்தி.

கிளம்பினது, ஏறினது, திரும்பினது எல்லாம் நன்றாகவே போயிற்று. அவர் ஒரு எஞ்சினைக் குறைத்துப் பார்த்தார், சமாளித்தேன். வரைபடத்தை மறைத்துவிட்டு இப்போது எங்கே இருக்கிறோம் என்றார், சொன்னேன். நம் கடற்கரையை எனக்குத் தெரியாதா? ஒரு தவறும் இல்லை. ஆனால் அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. இது கிடைக்காது, சனிக்கிழமை வாளியைத் தூக்க வேண்டியதுதான் என்று எனக்கு உறுதியாகிவிட்டது.

அப்புறம் அவர் விமானத்தைத் தன் கையில் எடுத்துக்கொண்டு, கடலோரமாகத் தெற்கே விட்டார். அனுமதி கேட்டு ஆயிரம் அடிக்கு இறக்கினார். விழிஞ்ஞம் கடந்தது. இடது பக்கம் தென்னந்தோப்பு. அவர் ஜன்னலில் குனிந்து பார்த்தார்.

"அதா, பள்ளிக்கூடம்" என்றார், தனக்குத்தானே சொல்வது மாதிரி.

எனக்குத் தெரியும், அவர் எதைத் தேடுகிறார் என்று. நானும் அதைத்தான் தேடிக்கொண்டிருந்தேன். அவர் நன்றாகப் பார்ப்பதற்காக வேகத்தைக் குறைத்தார். இடது பக்கம் சரித்தார். நான் என் இருக்கையிலிருந்து கழுத்தை நீட்டி அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தேன்.

"பாத்தியா? மதிலுக்கு உள்ளேயாக்கும் நிக்குது பிலாவு" என்றார்.

"மதிலு யாரு கெட்டுனது சார்?"

"எனக்க மாமனாரு."

"அதான். நல்லாப் பாருங்க. ரோட்டில இருந்து நேர வாற மதிலு, பிலாவுக்குக் கிட்ட வந்ததும் வளையுது. பிலாவைச் சுத்தி எடுத்துக்கிட்டு, பின்ன மறுபடியும் நேர போவுது."

"எங்கடே வளையுது?"

"கீழ நின்னா தெரியாது சார். மேல இருந்து பாத்தா தெரியுது."

"தெரியல்ல" என்று இன்னும் கொஞ்சம் சரித்தார். உயரம் இறங்காமல் இருக்க மூக்கை இன்னும் கொஞ்சம் தூக்கினார். வேகம் இன்னும் குறைந்தது.

"அந்தத் தொழுவுக்குப் பின்னாடி சார்."

"அது பழைய ஓடைக்க வளைவாக்கும்."

"ஓடைக்கு எதுக்கு சார் சிமென்டு?"

அவர் பதிலுக்கு வாயைத் திறந்தார். அந்த நேரம் ஹாரன் அடித்தது.

அந்த ஹாரன் உங்களுக்குத் தெரியும். இறக்கைக்குப் பிடிமானம் போகப்போகிறது, இன்னும் கொஞ்சம் விட்டால் விமானம் கல் மாதிரி விழும் என்று சொல்கிற ஹாரன். பயிற்சியில் நாலாயிரம் அடியில் கேட்டிருக்கிறோம், ஆசிரியர் பக்கத்தில் சிரித்துக்கொண்டிருப்பார். ஆயிரம் அடியில், ஒரு பக்கம் சரிந்து, பள்ளிக்கூடத்துக்கும் பலாமரத்துக்கும் மேலே அதைக் கேட்டால் வேறு மாதிரி இருக்கும். இரண்டு விமானிகளும் ஒரே ஜன்னலில் தலையை வைத்திருந்தோம். முன்னால் பார்க்க ஆள் இல்லை.

நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை தானாகப் போயிற்று. மூக்கைக் கீழே தள்ளினேன், பவரை முழுதாகக் கொடுத்தேன், சரிவை நேராக்கினேன். வாயும் தானாகச் சொல்லிற்று: "கண்ட்ரோல் என்னிடம்."

அது ஆங்கிலத்தில் சொல்ல வேண்டியது. அந்தச் சமயத்தில் எனக்கு ஆங்கிலம் வரவில்லை.

ஒரு நிமிஷம் எண்ணிப் பாருங்கள். இருநூற்று நாலு மணி நேரக்காரன், வேலை கேட்டு வந்தவன், எட்டாயிரம் மணி நேரக்காரரின் கையிலிருந்து விமானத்தைப் பிடுங்குகிறான். அவர் சண்டை போட்டிருந்தால் இரண்டு பேரும் இழுத்து இழுத்து மரத்துக்கே போயிருப்போம். அவர் இரண்டு கையையும் மடியில் வைத்தார்.

"எடுத்துக்கோ" என்றார்.

ஹாரன் நின்றது. முந்நூறு அடி போயிருந்தது. தென்னை ஓலை ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிந்தது. மெல்ல ஏறி, கடலுக்கு மேலே கொண்டுபோய், வடக்கே திருப்பினேன். திரும்பி வரும் வழி முழுக்க அவர் முன்னால் மட்டும் பார்த்தார். நான் ஜன்னல் பக்கம் திரும்பவேயில்லை. தரையிறக்கியதும் நான்தான். இரண்டு துள்ளு துள்ளியது. ஒன்றரைத் துள்ளு என்று இத்தனை வருஷமாகச் சொல்லிவருகிறேன், இன்றைக்கு உண்மையை எழுதிவிடுகிறேன்.

ஹாங்கரில் முதலாளி உட்கார்ந்திருந்தார். நெய்யாற்றின்கரைப் பக்கம் வியாபாரக் குடும்பத்து அம்மா. கணவர் போன பிறகு கம்பெனியைத் தானே நடத்தியவர். விமானம் ஓட்டத் தெரியாது. ஆனால் ஓட்டுகிறவர்களை ஓட்டத் தெரியும். மேசையில் பத்துப் பேரின் தாளும் வரிசையாக இருந்தது. ஒன்பது தாளில் கேப்டன் சார் ஏற்கனவே குறிப்பு எழுதியிருந்தார்.

நடந்து வரும்போது நான் ஒன்று நினைத்தேன். நடந்ததை கேப்டன் சார் சொல்லமாட்டார். சொன்னால் இவருக்குத்தான் கேடு. நானும் சொல்லாமல் இருந்தால் நன்றியில் ஒருவேளை வேலை கிடைக்கும். உங்களிடம் மறைக்கவில்லை, அப்படித்தான் நினைத்தேன். சனிக்கிழமைக்கு இரண்டு நாள்தான் இருந்தது.

கேப்டன் சார் நாற்காலியில் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

"அம்மா, ஸ்டால் ஹாரன் அடிச்சு. ஆயிரம் அடியில. தப்பு எனக்காக்கும். நான் நிலம் பாத்துக்கிட்டு இருந்தேன்."

"எந்த நிலம்?"

"மாமனாருக்க நிலம்."

அந்த அம்மா கண்ணாடியைக் கழற்றினார். என் பக்கம் திரும்பினார்.

"நீ எங்க பாத்துக்கிட்டு இருந்த?"

முன்னால் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று சொல்லியிருக்கலாம். சாட்சி கிடையாது. வேலையும் நிச்சயம். ஆனால் அந்த மனுஷன் தன் பங்கைச் சொல்லிவிட்டு அங்கே நிற்கிறார். என் பங்கை நான் விழுங்கினால், நாளைக்கு அவர் பக்கத்தில் எப்படி உட்காருவேன்?

"நானும் பிலாவைத்தான் பாத்தேன் அம்மா."

"பின்ன முன்னால யாரு பாத்தது?"

"யாரும் பாக்கல்ல."

அந்த அம்மா தாள்களைப் புரட்டினார். பிறகு கேப்டன் சாரிடம் கேட்டார். "ஒம்பது பேரு கூட போனீரு. அப்போ ஒண்ணும் அடிக்கல்ல. இவன் கூட போனப்போ அடிச்சு. நான் எதுக்கு இவனை எடுக்கணும்?"

நியாயமான கேள்வி. தலையைக் குனிந்து ஷூவைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாளியின் கைப்பிடி உள்ளங்கையில் உறுத்துகிற மாதிரி இருந்தது.

கேப்டன் சார் மீசையைத் தடவினார்.

"அந்த ஒம்பது பேரு கூட போனப்போ அடிச்சிருந்தா என்ன ஆயிருக்கும்னு எனக்குத் தெரியாது அம்மா. இவன் என்ன செய்வான்னு தெரிஞ்சு."

பிறகு ஒன்று சேர்த்துக்கொண்டார். "அதுமல்ல, இவனை விட்டா நேர நெய்யாற்றின்கரை கோர்ட்டுக்குப் போயி, மதிலு வளையுதுன்னு சாட்சி சொல்லுவான். கம்பெனியில இருந்தா லீவு குடுக்காம இருக்கலாம்."

அந்த அம்மா சிரிக்கவில்லை. என் தாளை எடுத்து மேலே வைத்தார். "திங்கக்கிழமை வா. ரெண்டு பேருக்கும் ஒரு சட்டம். ஒருத்தன் வெளியே பாத்தா, மற்றவன் முன்னால பாக்கணும். ரெண்டு பேரும் வெளியே பாத்தா ரெண்டு பேரும் வெளியே."

பின்னாளில் பெரிய கம்பெனிகளில் இதே விஷயத்தை இரண்டு நாள் வகுப்பு வைத்து, படம் போட்டு, மதியச் சோறும் கொடுத்துச் சொல்லித் தந்தார்கள். அந்த அம்மா அரை நிமிஷத்தில் முடித்தார்.

ஹாங்கரின் வாசலில் கேப்டன் சார் என்னிடம் ஒன்றே ஒன்றுதான் சொன்னார்: "எனக்க கையில இருந்து பிடுங்கினது செரி. இனியும் பிடுங்கணும். கேட்டுக்கிட்டு நிக்காத." அவரிடம் மூன்று வருஷம் இருந்தேன். இரண்டு தடவை பிடுங்கினேன். ஒரு தடவை நான் தப்பு, ஒரு தடவை அவர் தப்பு. இரண்டு தடவையும் கையை மடியில்தான் வைத்தார். பக்கத்து இருக்கையில் உட்காருகிற இளையவனுக்குப் பயம் வருகிற மாதிரி நீங்கள் எப்போதாவது நடந்துகொண்டால், நீங்கள் தனியாகப் பறக்கிறீர்கள் என்று அர்த்தம். மணி நேரத்தைப் பார்த்து ஆள் எடுக்கிறவர்கள் எடுக்கட்டும். நான் எடுத்தபோதெல்லாம், ஹாரன் அடித்தால் இவன் என்ன செய்வான், அடித்த பிறகு என்ன சொல்லுவான் என்று இரண்டை மட்டும்தான் பார்த்தேன்.

டெலிபோன் பூத்திலிருந்து அளியனைக் கூப்பிட்டு விசா வேண்டாம் என்றேன். "பின்ன பிளேனை யாருலே களுவுவா?" என்று கேட்டான். லில்லியிடம் வேலை கிடைத்தது என்றேன். அழுதாள். யாரிடம் என்று சொன்னேன். அழுகை நின்றுவிட்டது.

"அவங்க வீட்டு மருமகன்கிட்டயா? மாமாகிட்ட யாரு சொல்லுவா?"

மாமா என்றால் என் அப்பா. பதினாலு வருஷமாக ஒரு வாய்தா விடாமல் கோர்ட்டுக்குப் போய்வந்தவர். எதிரி வீட்டுக் கல்யாணத்துக்குப் போன சொந்தத் தங்கையிடமே பேச்சை விட்டவர். அவர் வேண்டாம் என்றால் என்ன செய்வேன்? அவர் வார்த்தையைத் தாண்டி அந்த வீட்டில் தண்ணீர்கூடக் குடித்ததில்லை நாங்கள். ஆயிரம் அடியில் வராத பயம் எனக்கு வீட்டு வாசலில் வந்தது.

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன். மதில் வளைவதையும் சொன்னேன். அவர் வெற்றிலையை மடித்து வாயில் போட்டு, வெகுநேரம் மென்றார்.

"நீ எந்தப் பக்கம் இருக்கணும்?"

"வலது பக்கம் அப்பா. அவரு இடது."

"தெக்க போவும்போ கடலு எந்தப் பக்கம்?"

"எனக்க பக்கம். கரை அவருக்க பக்கம்."

"திரும்பி வாறப்போ?"

"கரை எனக்க பக்கம் வரும்."

எழுந்து போய்த் துப்பிவிட்டு வந்தார்.

"அப்போ செரி. போவும்போ பிலாவு அவனுக்கு, வாறப்போ நமக்கு. வேலைக்குப் போ மக்கா."